டிரைவரம்மா காருக்கு வீலி பார் வைத்த கதை

வெல்டிங் பட்டறைக்காரருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்ன என்று கேட்டால் அந்தத் தெருவில் பாதிப் பேர் விழிப்பார்கள். மில்லி என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் கை நீட்டி வழி காட்டும். மில்லிமீட்டரின் சுருக்கம் அது. கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி, தண்ணீர்த் தொட்டிக்கு ஸ்டாண்ட், எதுவாக இருந்தாலும் சரி, அவரிடம் போய் 'சுமாரா', 'கிட்டத்தட்ட', 'இந்த அளவுக்கு' என்று கையை விரித்துக் காட்டக் கூடாது. காட்டினால் அன்றைக்கு வேலை நடக்காது, வகுப்புதான் நடக்கும். வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ் வந்து இறங்கியபோது வாசலிலேயே நிறுத்தி அளந்து, அட்டையில் போட்டதைவிட நான்கு மில்லி அகலம் கூடுதல் என்று திருப்பி அனுப்பியவர் அவர். சமையலறையில் அதற்கு அரையடி இடம் மிச்சம் இருந்தது. அது வேறு விஷயம் என்றார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் எழுதிய உயரத்தைப் பார்த்து, செருப்போடு நிற்க வைத்து அளந்துவிட்டீர்கள் என்று சண்டை பிடித்து, ஒன்றரை சென்டிமீட்டர் குறைத்து வாங்கிக்கொண்டு வந்த ஒரே மனிதரும் அவர்தான்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி டவுன் பஸ் ஓட்டுகிறவர். பயணிகள் டிரைவரம்மா என்பார்கள், நாமும் அப்படியே சொல்வோம். ஐம்பத்தொரு வயது, குள்ளம், இருபத்திரண்டு வருட வேலையில் பஸ்ஸில் ஒரு கீறல் கிடையாது. ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போக முடியாதபடி பூட்டுப் போட்ட பஸ் அது. வாரத்தில் ஆறு நாள் அதில் உட்கார்ந்து பல்லைக் கடிக்கிறவர் ஏழாம் நாள் என்ன செய்வார்? ஊருக்கு வெளியே, விமானம் வராமல் போய்விட்ட பழைய ஓடுதளத்துக்குத் தன் காரை எடுத்துப் போய் நானூறு மீட்டரைப் பன்னிரண்டு சொச்சம் நொடியில் கடந்துவிட்டு வருவார். டிராக் ரேஸ் என்று அதற்குப் பெயர். நேராகப் போக வேண்டும், சீக்கிரம் போக வேண்டும், அவ்வளவுதான்.

டிரைவரம்மாவிடம் ஒரு வினோதப் பழக்கம். சாதாரண நாளில் கணவரை 'நீ, வா, போ' என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் மரியாதை வந்துவிடும். "சாப்பிட்டீங்களா சார்?" என்று ஒரு காலையில் கேட்டார் என்றால், மில்லி முந்தின நாள் முழுவதையும் மணிவாரியாக யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

இவர்கள் இருவர் போதாதென்று மூன்றாவதாக ஒருவர், டிரைவரம்மாவின் அண்ணன், அதாவது மில்லியின் மச்சான். டயர்க்கடை வைத்திருக்கிறார். குரல் நாலு தெருவுக்குக் கேட்கும். எதைக் கேட்டாலும் "பாத்துக்கலாம் மாப்ள" என்பார். அளந்து சாகிறவரும் பார்த்துக்கொள்ளலாம் என்கிறவரும் ஒரே காரில் கை வைத்தால் என்ன ஆகும்? முதல் வருடம் ஸ்பேனர் பறந்தது. டிரைவரம்மா நடுவில் நின்று எல்லைக்கோடு போட்டார். இரும்பெல்லாம் கணவருக்கு, டயரும் காற்றும் அண்ணனுக்கு. ஒருவர் வேலையில் மற்றவர் மூக்கை நுழைக்கக் கூடாது. அன்றிலிருந்து மில்லி அந்த டயர்களைத் தொட்டதில்லை. கை துறுதுறுத்தது என்பது அவருக்கும் அவர் கைக்கும் மட்டும் தெரியும்.

கார் என்று மூச்சுக்கு மூச்சு சொல்கிறேனே தவிர, பார்த்தால் சிரிப்பீர்கள். டாக்ஸியாக ஓடி ஓய்ந்த நாலு கதவு வண்டி. டிரைவரம்மா மூன்று வருடம் அதன் எஞ்சினோடு மல்லுக்கட்டி, பன்னிரண்டு நொடிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். பன்னிரண்டு புள்ளி பூஜ்யம் எட்டு. அந்த எட்டுதான் அவர் தொண்டையில் சிக்கிய முள். பன்னிரண்டுக்குள் ஒரு முறை, ஒரே ஒரு முறை போய்விட்டால் போதும் என்றார். அதற்கும் நாள் குறைந்துகொண்டே வந்தது. ஓடுதளத்தை விற்றாகிவிட்டது, அங்கே கிடங்குகள் வரப்போகின்றன. மாதக் கடைசியில் வரும் பந்தயம்தான் கடைசி. அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தில் நேராக ஓட ஓர் இடம் கிடையாது.

அந்த நேரம் பார்த்தா இது நடக்க வேண்டும்? அதற்கு முந்தின பந்தயத்தில் பச்சை விளக்கு விழுந்தது, டிரைவரம்மா மிதித்தார், காரின் மூக்கு மேலே கிளம்பியது. கிளம்பியது நிற்கவில்லை. முன்சக்கரம் இரண்டும் ஆள் இடுப்பு உயரத்துக்கு ஏறி, கார் பின்பக்கம் உட்கார்ந்த நிலையிலேயே கொஞ்ச தூரம் ஓடி, பிறகு தொப்பென்று விழுந்தது. அடியில் இருந்த ஆயில் தொட்டி பிளந்தது. டிரைவரம்மா ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தபடியே இறங்கினார்.

"வானத்தைத் தவிர ஒண்ணுமே தெரியலப்பா! மேகம் எல்லாம் பக்கத்துல வந்துருச்சு!"

எல்லோரும் சிரித்தார்கள். மில்லியும் பல்லைக் காட்டினார். கையில் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியை மட்டும் அவரால் திறக்க முடியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

ஓடுதளத்தின் பரிசோதகர் கறாரான அம்மாள். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார், ஒரு தடவைதான் சொல்வார். "வீலி பார் இல்லாம இந்த வண்டி இனிமே கிளம்பற கோட்டுக்கு வராது."

வீலி பார் என்பது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. காரின் பின்னால் வால் போல நீண்டிருக்கும் குழாய்கள், முனையில் உள்ளங்கை அகலத்தில் இரண்டு சின்னச் சக்கரங்கள். மூக்கு தூக்கினால் வால் இறங்கும், சின்னச் சக்கரம் தரையைத் தொடும், அதற்குமேல் தூக்க முடியாது. மற்ற கார்களில் இதை மாட்டுவது அரை நாள் வேலை. பின்சக்கரம் இரண்டையும் சேர்த்து ஒரே ஆக்ஸில் குறுக்கே கிடக்கும், அதில் பற்றவைத்தால் முடிந்தது. மேலே கார் எப்படி ஆடினாலும் அந்த ஆக்ஸில் தரையிலிருந்து அதே உயரத்தில்தான் நிற்கும். டிரைவரம்மாவின் காரில் அப்படிக் குறுக்கே கிடக்கும் ஆக்ஸில் இல்லை. இடது சக்கரம் தனியாக ஏறி இறங்கும், வலது சக்கரம் தன் பாட்டுக்கு ஏறி இறங்கும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு முழு ஆக்ஸில் போடலாமே என்றால் விதி விடாது. அவர் ஓடும் பிரிவில் கார் தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்ததோ அந்தப் பின்பக்கம் அப்படியே இருந்தாக வேண்டும்.

"இதுக்கா இவ்வளவு யோசனை?" என்றார் மச்சான். "இந்தச் சக்கரத்துல ஒண்ணு, அந்தச் சக்கரத்துல ஒண்ணு மாட்டி வுடு மாப்ள. பாத்துக்கலாம்."

மில்லி எழுந்தார். சமையலறைக்குள் போய் இரண்டு நீளக் கரண்டிகளோடு வந்தார். இரண்டையும் ஒரு குறுக்குக் குச்சியில் துணியால் கட்டினார்.

"இது இடது, இது வலது. இப்ப வண்டி ஒரு மேட்டுல ஏறுது, இடது மட்டும் எழும்புது. பாருங்க மச்சான், வலது என்ன பண்ணுதுன்னு பாருங்க."

குச்சி முறிந்தது, ஒரு கரண்டி மச்சானின் கால் கட்டைவிரலில் விழுந்தது. மச்சான் கத்திய கத்தலில் டிரைவரம்மா வந்து கரண்டிகளைப் பிடுங்கிக்கொண்டு போனார். அடுப்பில் எதுவோ தீய்ந்துகொண்டிருந்தது.

கடைசியில் மில்லி முடிவு செய்தார். சக்கரத்தில் மாட்ட வழியில்லை, காரின் அடிச்சட்டமான சேஸிஸில்தான் மாட்ட வேண்டும். டிக்கியின் தரையைக் கத்தரித்து எடுத்து, உள்ளே குழாயால் ஒரு தொட்டில் கட்டி, நான்கு இடத்தில் சேஸிஸோடு பற்றவைத்து, அந்தத் தொட்டிலிலிருந்து வாலை வெளியே விட்டார். இரண்டு வாரம். சொந்த வேலையைச் சொல்லிக்கொள்ளாத மனிதர் அதை மட்டும் வருகிற போகிறவர்களுக்கெல்லாம் திறந்து காட்டினார்.

ஆனால் சேஸிஸில் மாட்டினால் ஒரு வம்பு உண்டு. மிதித்தவுடன் கார் முதலில் பின்பக்கமாக உட்காரும். அது உட்கார்ந்தால் அதோடு வாலும் இறங்கும். அதற்கு இடம் விட்டு வைக்காவிட்டால், மூக்கு தூக்கும் முன்பே சின்னச் சக்கரம் தரையில் ஊன்றிக் காரின் எடையைத் தாங்கிக்கொள்ளும். பெரிய டயருக்குப் பிடிமானம் போய்விடும், நின்ற இடத்தில் சுற்றும். ஆகவே எவ்வளவு உட்காருகிறது என்று தெரிய வேண்டும். மில்லி காரின் பக்கத்தில் ஸ்கேலை ஒட்டி, பட்டறைக்குப் பின்னால் ஆளில்லாத சாலையில் டிரைவரம்மாவைப் பதின்மூன்று தடவை கிளம்பி, மூக்கு எழும்பும் முன்பே காலை எடுக்கச் சொல்லி, போனில் படம் பிடித்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். வாலின் முனையில் எழுபது மில்லி இறங்கியது. மூக்கு ஓரளவு தூக்கினால்தான் வேகம் கிடைக்கும், அதற்கு அறுபது. ஆக, கார் சும்மா நிற்கும்போது சின்னச் சக்கரத்துக்கும் தரைக்கும் இடைவெளி மொத்தம் நூற்று முப்பது. பட்டறைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் கொட்டை எழுத்தில் 'நூற்று முப்பது' என்று எழுதி இரண்டு கோடு இழுத்தார். வாலின் குழாய் முனைகளில் மரை இருந்தது, ஸ்பேனரால் திருகினால் ஏறும் இறங்கும். நூற்று முப்பதில் வைத்து, மூன்று தடவை அளந்து, நட்டை இறுக்கினார்.

பந்தயத்துக்கு முந்தின நாள் மாலை. டிரைவரம்மா பஸ் டியூட்டியில் இருந்தார். மில்லி துணியால் காரைத் துடைத்துக்கொண்டே வந்தவர் டிரைவர் கதவைத் திறந்தார். சீட்டில் பூப்போட்ட திண்டு கிடந்தது. குள்ளமானவர் ஆதலால் பஸ்ஸில் ஒன்று, இங்கே ஒன்று என்று திண்டு போட்டுத்தான் உட்காருவார். நடுவில் அமுங்கிய பள்ளம் அப்படியே இருந்தது. மில்லிக்கு அழுகை வந்தது. சொல்வதற்கு என்ன வெட்கம், வந்தது. அந்த மூக்கு மேலே மேலே போன காட்சி தினமும் சாப்பாட்டு நேரத்தில், குளிக்கும் நேரத்தில், வெல்டிங் கண்ணாடிக்குள் எல்லாம் வந்து நின்றது. நூற்று முப்பது சரியான அளவு என்று அவருக்குத் தெரியும். சரியான அளவு வைத்தாலும் மூக்கு தூக்கும் என்றும் தெரியும். கொஞ்சமாகத்தான் தூக்கும். அந்தக் கொஞ்சத்தையும் பார்க்க அவரிடம் தெம்பு இல்லை.

ஸ்பேனரை எடுத்தார். இரண்டு பக்கமும் சமமாகத் திருகி எழுபதுக்கு இறக்கினார். இப்போது கார் உட்கார்ந்த அந்த நொடியே சின்னச் சக்கரம் ஊன்றிவிடும், மூக்கு ஒரு நூல்கூட எழும்பாது. டயர் சுற்றட்டுமே, டயர் சுற்றி யார் செத்தார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தத் தப்பான வேலையையும் மூன்று தடவை அளந்து பார்த்தார், பாவம்.

பந்தய நாள். பரிசோதகர் அம்மாள் குனிந்து வாலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், வெல்டிங்கைத் தடவிப் பார்த்தார், தலையை ஆட்டினார். ஒரு காருக்கு இரண்டு ஓட்டம். டிரைவரம்மா முதல் ஓட்டத்துக்குக் கோட்டில் வந்து நின்றார். பச்சை விழுந்தது. கார் உட்கார்ந்தது, சின்னச் சக்கரம் நச்சென்று ஊன்றியது, பின்டயர் இரண்டும் ஊளையிட்டன. புகை வந்ததே தவிர கார் வரவில்லை. புகைக்குள்ளிருந்து ஒருவழியாகக் கிளம்பி அக்கரை போய்ச் சேர்ந்தபோது பலகையில் பன்னிரண்டு புள்ளி தொண்ணூற்றொன்று என்று விழுந்தது. பழைய கணக்கைவிட முக்கால் நொடிக்கும் மேல் மோசம்.

மச்சான் போனில் பக்கவாட்டிலிருந்து படம் பிடித்திருந்தார். போட்டுப் பார்த்தார். மறுபடி பார்த்தார். பிறகு அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைச் சொல்லி மாளாது. இருபத்தாறு வருடமாகத் தன்னைத் திருத்திக்கொண்டே இருந்த மாப்பிள்ளை கையும் களவுமாகச் சிக்கிவிட்டார்!

"ஐயோ மாப்ள! சின்னச் சக்கரம் தரையிலேயே நிக்குது பாரு! வண்டி உக்காரும்னு கணக்கே எடுக்கல நீ! முழு ஆக்ஸில் வண்டிக்கு வைக்கிற மாதிரி வெச்சிட்ட! சுவத்துல அவ்வளவு பெருசா எழுதி வெச்சுட்டு மறந்துட்டியே!"

சிரிப்பு தாங்காமல் அடுக்கி வைத்த டயர்மேல் உட்கார்ந்தார். எழுந்து போய்ப் பக்கத்துக் காரில் சொன்னார், அதற்கடுத்த காரிலும் சொன்னார். அங்கே இருந்த பாதிப் பேர் வீட்டுக் கேட்டை அளந்து வைத்தது மில்லிதான். ஆளுக்கு ஆள் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "என்ன மில்லி அண்ணே, உங்களுக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மில்லியின் காது சிவந்தது. உண்மையைச் சொன்னால் பயந்தாங்கொள்ளி, சொல்லாவிட்டால் வேலை தெரியாதவர். இதில் எது தேவலை என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"ஆமா. மறந்துட்டேன்."

டிரைவரம்மா ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அண்ணனைக் கூப்பிட்டார். "அண்ணே, வெயில் தாங்கல. போய் ஜில்லுனு ரெண்டு பாட்டில் தண்ணி வாங்கிட்டு வா." மச்சான் வழியெல்லாம் கதையைச் சொல்லிக்கொண்டே போனார்.

"எவ்வளவுல இருக்குங்க?" என்று கேட்டார் டிரைவரம்மா.

மரியாதை வந்துவிட்டது.

"எழுபது."

"எவ்வளவுல இருக்கணுங்க சார்?"

"நூத்தி முப்பது."

"மறந்தவரு ரெண்டையும் கடகடன்னு சொல்றீங்களே."

மில்லி பக்கத்துக் காரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார்.

"இருபத்தாறு வருஷமா உங்களோட குப்பை கொட்டறேன். பல்லு வெளக்கற பேஸ்டைக்கூட அளந்து பிதுக்கற மனுஷன் நீங்க. நீங்க மறந்தீங்களா? யாருகிட்ட கதை விடறீங்க?"

"பயமா இருந்துச்சு," என்றார் மில்லி.

"எதுக்குப் பயம்?"

"நீ செத்துருவேன்னு."

டிரைவரம்மா காரின் ஓரத்தில் சாய்ந்து நின்றார். மறுபடி பேசியபோது மரியாதை போயிருந்தது.

"அன்னிக்கு நான் சிரிச்சுக்கிட்டே எறங்கினேன்ல, ஏன்னு நெனைக்கிற? காலு ரெண்டும் வெடவெடன்னு ஆடுச்சு. நீ பாத்துரக் கூடாதுன்னு சிரிச்சேன். வீட்டுக்கு வந்து பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு உக்காந்து அழுதேன்."

"அப்புறம் ஏன் மறுபடியும் வந்த?"

"நீ சுவத்துல நூத்தி முப்பதுன்னு எழுதினியே, அதனாலதான். அன்னிக்குத்தான் எனக்குத் தூக்கமே வந்துச்சு. இந்த ஆளு அளந்தா அது சரியா இருக்கும், இதுக்கு மேல வண்டி தூக்காதுன்னு நம்பித்தான் இன்னிக்கு இந்த சீட்ல ஏறினேன். எனக்கு இருந்த தைரியமே அந்த ஒரு அளவுதான். என்னைக் காப்பாத்தறேன்னு அதையே புடுங்கிட்டியே."

மில்லி குனிந்து வாலின் நட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னும் ஒரு ஓட்டம் இருக்கு," என்றார் டிரைவரம்மா. "எவ்வளவு வைக்கணும்னு உனக்குத் தோணுதோ அவ்வளவு வை. நான் கேக்க மாட்டேன், குனிஞ்சும் பாக்க மாட்டேன். போய் உக்காந்துக்கறேன்." சொன்னபடியே உள்ளே ஏறித் திண்டின்மேல் உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டு, முன்னால் பார்த்துக்கொண்டார்.

மில்லி காரின் பின்னால் தரையில் மல்லாந்து படுத்து அடியில் நுழைந்தார். நட்டைத் தளர்த்தி ஸ்பேனரைப் போட்டுத் திருக ஆரம்பித்தார். எண்பது. தொண்ணூறு. நூறு வந்ததும் கை நின்றது. நூறு போதாதா என்று உள்ளே ஒரு குரல் கெஞ்சியது. நூற்றுப் பத்து. அந்த நேரம் பார்த்து மச்சான் தண்ணீரோடு திரும்பி வந்துவிட்டார். வேடிக்கைக்கு இரண்டு பேரையும் கூட்டி வந்திருந்தார். கார் அடியிலிருந்து மில்லிக்கு மூன்று ஜோடிக் கால்கள் மட்டும் தெரிந்தன.

"இதோ பாருங்க, இவருதான்! ஊருக்கெல்லாம் அளவு சொல்லிக் குடுக்கறவரு! வண்டி உக்காரும்னு மறந்துட்டாராம்!"

"மறக்கல மச்சான்," என்றது கார் அடியிலிருந்து வந்த குரல்.

"என்ன?"

"மறக்கல. தெரிஞ்சேதான் இறக்கி வெச்சேன். அன்னிக்கு வண்டி தூக்கினதுலேர்ந்து எனக்கு ஈரக்குலை நடுங்குது. உங்க தங்கச்சிக்கு ஏதாவது ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்? அதான், தூக்கவே கூடாதுன்னு எழுபதுல வெச்சேன். போதுமா? போய் எல்லார்கிட்டயும் சொல்லுங்க."

வேடிக்கை பார்க்க வந்த நாலு கால்களும் மெதுவாக நகர்ந்து போய்விட்டன. மச்சானின் கால்கள் மட்டும் அங்கேயே நின்றன. மில்லி நூற்று இருபதுக்கு வந்திருந்தார். மச்சானின் கால்கள் அசைந்தன. வலது பின்டயர் பக்கம் போய்ச் சேர்ந்து, மடங்கி உட்கார்ந்தன.

ஸ்ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம்.

மில்லியின் ஸ்பேனர் நின்றது. "மச்சான், என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல."

ஸ்ஸ்ஸ்ஸ்.

"காத்து எவ்வளவு ஏத்தி வெச்சீங்க?"

"ஆறு பாயிண்ட்."

"ஆறா!"

"காத்து ஜாஸ்தியா இருந்தா டயர் சுத்தும், மூக்கு தூக்காதுல்ல..." அந்தப் பெரிய குரல் சுருங்கி, கண்டக்டரிடம் மாட்டிய டிக்கெட் இல்லாப் பயணியின் குரல் ஆகிவிட்டது. "எனக்கு மட்டும் பயம் இருக்காதா மாப்ள? என் கூடப்பொறந்தவ. வண்டி சுத்தினதும் மாட்டிக்கிட்டோம்னு நெனச்சேன். படத்தைப் பாத்தா உன் சக்கரம் ஊனி நிக்குது. அப்பாடா, பழி உன் மேல போகுதேன்னுதான் அந்தச் சிரிப்பு சிரிச்சேன்."

மில்லிக்குக் கோபம் வந்ததா என்றால், வந்தது. அதோடு சிரிப்பும் வந்தது. தலையை ஆட்டியதில் நெற்றி மேலே தொங்கிய டிஃபரன்ஷியல் பெட்டியில் இடித்தது. "அளந்துதான் விடறீங்களா?" என்று கேட்டார்.

மச்சானின் கை கார் அடியில் நீண்டது. "உன்கிட்ட காத்து அளக்கற மீட்டர் இருக்குமே, குடு."

எல்லைக்கோடு போட்டதற்குப் பிறகு முதல்முறையாக இருவரும் ஒரே டயரைச் சுற்றிக் குனிந்தார்கள், பிறகு இடது டயருக்கும் போனார்கள். காரின் ஜன்னல் திறந்துதான் இருந்தது. உள்ளிருந்து குரல் வந்தது.

"சார்ங்க ரெண்டு பேரும் வேலைய முடிச்சிட்டீங்கன்னா சொல்லுங்க. எனக்குக் கொஞ்சம் அவசரமாப் போக வேண்டியிருக்கு."

இருவருக்கும் உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. மில்லி மறுபடி அடியில் நுழைந்து, மிச்சத்தையும் திருகி நூற்று முப்பதில் நிறுத்தினார். இடது நூற்று முப்பது, வலது நூற்று முப்பது. நட்டை இறுக்கிவிட்டு வெளியே வந்து ஜன்னல் பக்கம் போனார். டிரைவரம்மா கேட்கவில்லை. இவர் தலையை மட்டும் ஆட்டினார்.

கார் கோட்டுக்குப் போனது. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் மில்லியும் மச்சானும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். யார் யாரைப் பிடித்திருந்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. பச்சை விழுந்தது. கார் உட்கார்ந்தது. மூக்கு எழும்பியது. மில்லி கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று நினைத்தார், மூடவில்லை. முன்சக்கரம் ஒரு சாண் ஏறியது, சின்னச் சக்கரம் தரையைத் தொட்டுக் கிறீச்சிட்டது, ஒரு சாணோடு நின்றது. பிறகு மூக்கு நோகாமல் இறங்கிப் பதிந்தது, கார் பறந்தது. பலகையில் எண் விழுந்தபோது மில்லிக்குக் கண் கலங்கிப் படிக்க முடியவில்லை. மச்சான்தான் படித்தார்.

"பதினொண்ணு புள்ளி தொண்ணூத்தேழு! மாப்ள, பதினொண்ணு! பதினொண்ணு!"

டிரைவரம்மா காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு திரும்பி வந்து நிறுத்தினார். கைதட்டினார்கள், கூச்சல் போட்டார்கள். கதவைத் திறந்தார், ஹெல்மெட்டைக் கழற்றினார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. இறங்கவும் இல்லை.

"கையைக் குடு," என்றார் மில்லியிடம். "காலு நிக்க மாட்டேங்குது."

மில்லி இரண்டு கையையும் கொடுத்தார். டிரைவரம்மா அதைப் பிடித்துக்கொண்டு இறங்கி, எல்லோரும் பார்க்க, அவர் மேலேயே சாய்ந்து நின்றார். முகத்தை அவர் தோளில் வைத்தபடியே பேசினார்.

"ரொம்பப் பயமா இருந்துச்சு."

"எனக்கும்தான்."

"தெரியும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "இன்னொரு தடவை ஓட விடுவாங்களான்னு அந்தம்மாகிட்ட கேட்டுட்டு வாயேன்."

மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டார். மில்லி ஒரு நிமிடம் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு போனார். பரிசோதகர் அம்மாள் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஒரு காருக்கு ரெண்டு ஓட்டம்தான் சார். முடிஞ்சுது."

"முதல் ஓட்டத்தை எப்படிங்க ஓட்டம்னு சேத்துக்க முடியும்?" என்றார் மில்லி. "வண்டி கோளாறோட ஓடிச்சு. அளவு தப்பு. பின்னால வால் வெச்சது நான்தான், அறுபது மில்லி தப்பா வெச்சிருக்கேன். என் வேலை சரியில்லன்னு தாள்ல எழுதுங்கம்மா. நான் கையெழுத்துப் போடறேன்."

அப்படிச் சொல்லிவிட்டுப் பேனாவுக்குக் கை நீட்டினார்.